கடையில பழுதான அரிசியும் மாவும் பிடிபட்டா என்ன நடக்கும்: வன்னியில புதுசா தொழில் தொடங்கிற ஆக்களுக்கு

பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு, ஓமந்தை, முருங்கன் எண்டு எந்தப் பக்கம் போனாலும் இப்ப ஆரோ ஒராள் சின்ன மில் போடுறார், இல்லாட்டி மாதர் சங்கம் சேர்ந்து சத்துமா, குரக்கன் மா, வறுத்த அரிசிமா எண்டு பக்கெட் அடிக்கினம். நல்ல விசயம்தான். ஆனா தொடங்க முதல் வாற கேள்வியெல்லாம் மிசின் என்ன விலை, லோன் எந்த பாங்கில, லேபல் எங்க பிரிண்ட் பண்ணுறது எண்டுதான். பீஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து மூடையை அவிட்டுப் பாத்து "இது மனிதப் பாவனைக்கு உதவாது" எண்டு சொன்னா என்ன செய்யோணும் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. அது நடந்த அண்டைக்குத்தான் பதறிப்போய் போன் எடுப்பினம், அதுக்குள்ள செய்யக்கூடாத ரெண்டு மூண்டு வேலை செய்து முடிச்சிருப்பினம். அதுக்காகத்தான் இதை எழுதுறன், நடக்கிற ஒழுங்கிலயே எழுதுறன்.

முதல்ல சட்டம், சுருக்கமா. இலங்கையில இதுக்குரிய சட்டம் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம், பேந்து 1991லயும் 2011லயும் திருத்தியிருக்கு. நாட்டுக்குப் பிரதான உணவு அதிகாரி எண்டா சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம். ஊரில உங்களிட்ட வாறது எம்ஓஎச் ஒஃபிஸில, அதாவது சுகாதார வைத்திய அதிகாரியின்ர ஒஃபிஸில இருந்து பீஎச்ஐ. அவர் நியாயமான நேரத்தில உங்கட கடைக்குள்ள, மில்லுக்குள்ள, ஸ்டோருக்குள்ள வரலாம், பக்கெட்டைத் திறக்கலாம், மாதிரி எடுக்கலாம், பில் புத்தகம் பாக்கலாம், சந்தேகப்பட்ட சாமானைக் கைப்பற்றி வைக்கலாம். அதை மறிச்சா, மறிச்சதே தனிக் குற்றம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை எண்டு இன்னொரு பகுதி இருக்கு, அவையின்ர சட்டம் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கம், விலை, காலாவதித் திகதி, ஏமாத்து வியாபாரம் எண்டு பாக்கிறவை, சனம் முறைப்பாடு சொல்லுற 1977 அவையின்ர நம்பர்தான். ரெண்டு பகுதியும் வரலாம். வந்தது எந்தப் பகுதி எண்டதை முதல் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கோ, ஏனெண்டா பிறகு கடிதம் எழுதப் போற இடமும் வேற வேற.

இதில புதுசா வாற ஆக்கள் கனபேர் பிழையா விளங்கி வைச்சிருக்கிற ஒண்டு இருக்கு. பழுதானதை வித்தாத்தான் குற்றம் எண்டு நினைக்கினம். அப்பிடி இல்லை, விக்கிறதுக்கெண்டு வைச்சிருந்தாலே காணும். கடைக்குப் பின்னால ஸ்டோரில வண்டு மேஞ்ச மா மூடை கிடக்கு, நீங்கள் "ஐயா இது கொம்பனிக்குத் திருப்பி அனுப்ப வைச்சது" எண்டு சொல்லுறியள், ஆனா அது நல்ல மூடையோட மூடையா ஒரே அடுக்கில கிடக்கு, ஒரு துண்டுகூட ஒட்டயில்லை. அவர் அதை எப்பிடி நம்புறது? ஆனபடியா இந்தக் கட்டுரையில ஒண்டே ஒண்டைத்தான் செய்வியள் எண்டா இதைச் செய்யுங்கோ: ஸ்டோரில ஒரு மூலையைப் பிரிச்சு, "விற்பனைக்கு அல்ல" எண்டு பெரிசா எழுதி ஒட்டி, பழுதானது, திகதி முடிஞ்சது, திரும்பி வந்தது எல்லாத்தையும் அங்க மட்டும் வையுங்கோ, பக்கத்தில ஒரு கொப்பியில என்ன, எவ்வளவு, எந்தத் திகதி அங்க போட்டது, எப்ப போகும் எண்டு எழுதுங்கோ. அதுக்காக மாதக்கணக்கா அங்க குவிச்சு வைக்கவும் கூடாது, அது பிறகு எலிக்குச் சாப்பாட்டுக் கடை.

இனி என்னத்தைப் பாத்துப் பிடிப்பினம் எண்டதுக்கு வருவம். தானியத்தில கண்ணுக்குத் தெரியிற பழுது இருக்கு, தெரியாத பழுது இருக்கு.

தெரியிறது லேசு. அரிசியில கறுத்த சின்ன மூக்கு வண்டு, மாவில சிவப்பு வண்டு, ரவையிலயும் குரக்கனிலயும் அந்துப்பூச்சி கட்டின நூல், அதில மா கட்டி கட்டியாத் தொங்கும். மாவில சிவப்பு வண்டு கூடினா மா நிறம் மாறி ஒரு மாதிரி காரமான மணம் வரும், அதை அரிச்சு வண்டை எடுத்துப்போட்டு திருப்பிப் பக்கெட் போட்டாலும் மணம் போகாது, பீஎச்ஐ பக்கெட்டை வெட்டி மூக்கில வைச்ச உடன பிடிபடும். எலிப்புழுக்கை எண்டா பேச்சே இல்லை. மூடையின்ர அடியில, சுவரோட ஒட்டின பக்கம் ஓட்டை, அதைச் சுத்தி மஞ்சள் கறை, அதுதான் எலி மூத்திரம். வெட்டு மிசினும் ட்ரக்டரும் வந்து போற முற்றத்தில மில் வைச்சிருக்கிற ஆக்கள் கதவடியை ஒருக்கா குனிஞ்சு பாருங்கோ, கீழ விரல் போற இடைவெளி இருந்தா எலிக்குஞ்சு போகும்.

பிறகு எங்கட ஊருக்கே உரிய சில பழக்கம் இருக்கு. உரப்பையைக் கழுவி அரிசி கட்டுறது. யூரியா பை நல்ல பலம்தான், ஆனா அது சாப்பாட்டுக்குச் செய்த பை இல்லை, எவ்வளவு கழுவினாலும் அரிசி கட்டக் கூடாது, கிருமிநாசினி கொண்டுவந்த பெட்டி, பையெண்டா சொல்லவே தேவையில்லை. அடுத்தது தார் றோட்டில நெல்லுக் காயவிடுறது. மாசி பங்குனியில காலபோக வெட்டு முடிய றோட்டில பாதியை நெல்லு பிடிச்சிரும், எல்லாருக்கும் தெரியும், ஏன் செய்யினம் எண்டும் தெரியும், காய விடத் தளம் இல்லை. ஆனா அந்த நெல்லோட கல்லும் மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் சேர்ந்துதான் உங்கட மில்லுக்கு வருது, கல்லுப் பிரிக்கிற மிசின் இல்லாத சின்ன மில் எண்டா அது அப்பிடியே அரிசிக்குப் போகும். வாங்கேக்க மூடையின்ர அடியில இருந்து ஒரு கைபிடி எடுத்துப் பாருங்கோ, மேல இருக்கிறது எப்பவும் நல்ல நெல்லுதான்.

கண்ணுக்குத் தெரியாததுதான் பெரிய பயம். பூஞ்சணம் விடுற நஞ்சு, அஃப்ளடொக்சின். இது சோளம், கச்சான் ரெண்டிலயும் கனக்க வரும், ஈரமாக் கட்டி வைச்ச அரிசியிலயும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிசருக்குப் புற்றுநோய் தாறதெண்டு உறுதியாச் சொன்ன முதலாம் பிரிவிலயே வைச்சிருக்கு, ஈரலைத்தான் தாக்கும். இதைக் கழுவ ஏலாது, அவிச்சாலும் போகாது, வறுத்தாலும் முழுசாப் போகாது. சத்துமா செய்யிற தங்கச்சிமார் இதைக் கொஞ்சம் கவனமா வாசியுங்கோ, ஏனெண்டா சத்துமாவுக்குள்ள சோளமும் கச்சானும் ரெண்டும் போகுது, சாப்பிடுறது பால்குடி மறந்த பிள்ளையள், வறுக்கிறம்தானே எல்லாம் செத்திரும் எண்ட நினைப்பும் எல்லாரிட்டயும் இருக்கு. பூஞ்சணம் சாகும், அது விட்ட நஞ்சு கிடக்கும். 2022இல தாய்மாருக்கும் பிள்ளையளுக்கும் அரசாங்கம் குடுக்கிற திரிபோஷா சத்துமாவிலயே அஃப்ளடொக்சின் எண்டு நாடு முழுக்கக் கதை எழும்பினது ஞாபகம் இருக்கும், அரசாங்கத்தின்ர சாமானுக்கே அந்தக் கேள்வி வந்தது எண்டா உங்கட பக்கெட்டுக்கு வராதா.

இதைத் தடுக்கிற வழி ஈரம்தான், வேற மந்திரம் இல்லை. நெல் சந்தைப்படுத்தல் சபை நெல்லு வாங்கேக்க 14 வீத ஈரப்பதன் கேக்குது, நீங்களும் அதையே பிடியுங்கோ. வெட்டு மிசினால வெட்டின நெல்லு வயலில இருந்து வரேக்க அதைவிட நல்லாக் கூட ஈரமா இருக்கும், காசு அவசரத்தில அப்பிடியே கட்டி வித்திருவினம், ரெண்டு மூண்டு நாள் மூடைக்குள்ள கிடந்தா கை விட்டுப் பாக்கச் சூடு தெரியும். ஈரம் பாக்கிற மீற்றர் ஒண்டு வாங்குங்கோ. பழைய ஆக்கள் பல்லில கடிச்சுப் பாத்து டக்கெண்டு உடையுதா எண்டு சொல்லுவினம், அது மோசமில்லை, ஆனா கோட்டில பல்லைக் காட்டேலாது, மீற்றரில பாத்து எழுதின கொப்பியைக் காட்டலாம். கச்சானில சுருங்கினது, கறுத்தது, முளைவிட்டது எல்லாத்தையும் பொறுக்கி எறியோணும், எறியோணும் எண்டுதான் சொல்லுறன், அதை மலிவா வாங்கி கச்சான் அல்வாவுக்கு அரைக்கிற ஆக்களும் இருக்கினம். வெள்ளம் வந்த வருசங்களில இன்னும் கவனம். 2018 மார்கழியில இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் தண்ணிக்குள்ள நிண்ட மாதிரி ஒரு வெள்ளத்துக்குப் பிறகு அரிசி வழமைக்கு மாறா மலிவா வந்தா, ஏன் மலிவு எண்டு கேளுங்கோ.

சரி, இப்ப பீஎச்ஐ வந்திட்டார்.

வந்தவரிட்ட அடையாள அட்டை கேக்கலாம், மரியாதையாக் கேளுங்கோ, "சேர், ஐடியை ஒருக்கா பாக்கலாமோ" எண்டா ஒருத்தரும் கோவிக்க மாட்டினம், சுகாதாரப் பகுதி எண்டு சொல்லிக் காசு பறிக்கிற போலி ஆக்களும் இருக்கக்கூடும்தானே. பிறகு கதவைத் திறந்து விடுங்கோ. செய்யக்கூடாதது மூண்டு. பின்கதவால மூடையை மாத்தாதேங்கோ. தெரிஞ்ச அரசியல்வாதிக்கு அடிச்சு போனை பீஎச்ஐயிட்ட குடுக்காதேங்கோ, அது பகைதான் தேடித்தரும். காசு நீட்டாதேங்கோ, அது லஞ்சக் கேஸ், மா கேஸைவிட கனக்கப் பெரிசு. நீங்கள் நிக்காத நேரம் எண்டா கடையில நிக்கிற பெடியனுக்கு முதலே சொல்லி வையுங்கோ, "எனக்கு உடன போன் எடு, அவரைத் தடுக்காத, ஒண்டையும் தொடாத" எண்டு.

அவர் பாக்கேக்க கூடவே நில்லுங்கோ. எந்த மூடை, எந்த இடத்தில கிடந்தது, எப்பிடித் திறந்தார் எண்டதை போனில படம் எடுத்து வையுங்கோ, எடுக்க முதல் கேட்டிட்டு எடுங்கோ. நல்ல மூடையில இருந்தும் பழுதானதில இருந்தும் சாமான் எடுத்தா ரெண்டும் வேற வேறயாப் பதியப்படுதா எண்டு பாருங்கோ. ஆய்வுக்கெண்டு முறைப்படி மாதிரி எடுத்தா அதை மூண்டாப் பிரிச்சு சீல் வைப்பினம், ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகும், ஒண்டு உங்களிட்ட, மற்றது அவையின்ர கையில. உங்களிட்ட தாற பங்கு சும்மா இல்லை. பகுப்பாய்வாளரிட்ட இருந்து வாற முடிவு பிழை எண்டு நீங்கள் நினைச்சா கையில இருக்கிற ஆதாரம் அதுதான். சீல் உடையாம, ஈரம் படாத இடத்தில, எலி போகாத டின்னுக்குள்ள பூட்டி வையுங்கோ. சின்னப் பிள்ளை பிரிச்சுப் பாத்தது எண்டா கதை முடிஞ்சுது.

சாமானைக் கைப்பற்றினா பட்டியல் எழுதுவினம். இந்த இடத்திலதான் கனபேர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கிறது. "அரிசி 20 மூடை" எண்டு மட்டும் எழுதியிருந்தா அது உங்களுக்குக் காணாது. எந்த அரிசி, ஒரு மூடை எத்தினை கிலோ, பிராண்ட் இருந்தா அது, பட்ச் நம்பர் (ஒரே தரத்தில செய்து அடைச்ச சாமானுக்குப் போடுற இலக்கம்), உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, ஸ்டோரில எங்க இருந்தது, என்ன காரணத்துக்கு எடுக்குது, இவ்வளவும் இருக்கோணும். தனி மூலையில "விற்பனைக்கு அல்ல" எண்டு போட்டிருந்ததில இருந்து எடுத்தா அதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கோ. விளங்காத மொழியில இருந்தா வாசிச்சு விளங்கப்படுத்தச் சொல்லுங்கோ, அது உங்கட உரிமை. ஒரு பிரதி வாங்காம அவரை அனுப்பாதேங்கோ, பிரதி இல்லாட்டி படமாவது எடுங்கோ.

கனக்கச் சாமான் எண்டா எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போக மாட்டினம். உங்கட ஸ்டோரிலயே சீல் வைச்சு, உங்கட பொறுப்பில விட்டிட்டுப் போவினம். அந்த நேரத்தில இருந்து அது உங்கட சாமான் மாதிரி உங்கட இடத்தில கிடந்தாலும் நீங்கள் தொடேலாது. வெயிலில போட்டு எடுப்பம் எண்டு அவிழ்க்கக் கூடாது, கொம்பனி லொறி வந்தா திருப்பி ஏத்தக் கூடாது, வீட்டில கோழி நிக்குது எண்டு ஒரு சுண்டு அள்ளக் கூடாது. அஃப்ளடொக்சின் சந்தேகம் எண்டா கோழிக்குப் போடுறதும் பிழைதான், குஞ்சுகள் அதுக்குச் சரியா நொந்துபோகும், மாட்டுக்குப் போட்டா பாலில வரும். மாவா எண்டாலும் தவிடா எண்டாலும் ஒண்டுதான்.

அண்டைக்கே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, அந்தச் சாமான் எங்கயிருந்து வந்தது எண்ட பில்லைத் தேடி எடுக்கிறது. பழுது உங்கட ஸ்டோரில வந்ததா, வரேக்கயே பழுதா எண்டது பெரிய கேள்வி. சீல் உடையாத பக்கெட்டுக்குள்ளயே வண்டு எண்டா, பில்லும் இருந்தா, கேள்வி தயாரிச்ச ஆளிட்டயும் போகும். பில் இல்லாம வான்காரனிட்ட காசுக்கு வாங்கினது எண்டா முழுப் பாரமும் உங்கட தலையிலதான். சப்ளையருக்கு அண்டைக்கே எழுத்தில அறிவியுங்கோ, வட்ஸப் மெசேஜ் எண்டாலும் பரவாயில்லை, வாயால சொன்னதை அவர் நாளைக்கு மறந்திருவார். நீங்களே பக்கெட் போட்டு கடைகளுக்குக் குடுக்கிற ஆள் எண்டா அதே பட்ச் எந்தெந்தக் கடைக்குப் போனது எண்டு பாத்து உடன திருப்பி எடுங்கோ. பட்ச் நம்பர் எண்டா பயப்பிடாதேங்கோ, அரைச்ச திகதியையே நம்பராப் போட்டு கொப்பியில கடைப் பேரை எழுதினா காணும். அரிசிமா எண்டு லேபல் அடிச்சுப்போட்டு உள்ள கோதுமைமா கலக்கிற வேலை இருந்தா அது இந்த நேரத்தில வெளியில வரும், அதுக்கு நான் வழி சொல்ல மாட்டன்.

பிறகு ரெண்டு பாதை இருக்கு. ஒண்டு, சாமானை அழிக்க நீங்களே எழுத்தில சம்மதிக்கிறது. மற்றது, இல்லை இது நல்ல சாமான் எண்டு நிக்கிறது. என்ர அபிப்பிராயம், எலியும் வண்டும் கண்ணுக்கு முன்னால தெரியிற சாமானுக்கு வழக்காடி லோயருக்குக் காசு குடுக்கிறது வீண், சம்மதிச்சு அழிச்சிட்டு ஸ்டோரைத் துப்பரவாக்கிற வேலையைப் பாருங்கோ. ஆனா ரெண்டு மூடை பழுதுக்கு முழு அடுக்கையும் எடுத்திட்டினம், இல்லாட்டி நிறத்தையும் மணத்தையும் மட்டும் பாத்து முடிவு சொல்லினம் எண்டா, ஆய்வு முடிவு வரட்டும் எண்டு கேளுங்கோ. முடிவில குறை இல்லை எண்டா சாமானை விடுவிக்கோணும். அதுக்கு நாள் எடுக்கும், அந்த நாளுக்கு ஸ்டொக் முடங்கும், அதையும் கணக்குப் பாருங்கோ. இன்னொண்டு, அழிக்கச் சம்மதிச்சா வழக்கு வராது எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. சாமான் வேற, வழக்கு வேற.

வழக்கு வந்தா நீதவான் நீதிமன்றம்தான், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எண்டு உங்கட இடத்தைப் பொறுத்து. தவணைக்குப் போங்கோ. போகாட்டி பிடியாணை, ஒரு மா மூடைக்காகப் பொலிஸ் வீட்டு வாசலில வந்து நிக்கிறது ஊருக்குள்ள நல்லாவா இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்ளுறதா இல்லையா எண்டதை கோட்டு வாசலில நிண்டு யோசிக்காம முதலே ஒரு லோயரிட்ட பட்டியல், பில், படம் எல்லாத்தையும் காட்டிக் கேளுங்கோ, வருமானம் குறைஞ்ச ஆக்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிட்ட போகலாம். நீதவான் தண்டம் போடலாம், சாமானை அழிக்கச் சொல்லலாம், நிலைமை மோசம் எண்டா கடையை மூடவும் கட்டளை வரலாம். துப்பரவாக்கின படம், எலி போற ஓட்டை அடைச்ச பில், ஈரம் எழுதின கொப்பி எல்லாத்தையும் கையோட கொண்டு போங்கோ.

அழிக்கிறது எண்டா நீங்களே கொண்டுபோய் வாய்க்காலுக்குள்ள கொட்டுறதில்லை. பீஎச்ஐ முன்னால நிக்க, சொன்ன இடத்தில எரிக்கிறது அல்லது ஆழமாப் புதைக்கிறது. காட்டுக்கரையில மேலால கொட்டினா இன்னொரு வில்லங்கமும் வரும், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தானிய மணத்துக்கு யானை வரும், வந்த யானை அந்தக் குவியலோட நிக்காது. அழிச்ச பிறகு எவ்வளவு அழிச்சது எண்டு எழுத்தில வாங்குங்கோ, சப்ளையரிட்ட நட்டம் கேக்க அது வேணும்.

கடைசியா ஸ்டோர். முழுசா வெறுமையாக்கித்தான் கூட்டோணும், மூடையைச் சுத்திக் கூட்டி வேலையில்லை. மேல வளையில இருந்து கீழ வாங்கோ. மில் எண்டா மிசினைக் கழட்டுங்கோ, மா வண்டு இருக்கிறது தரையில இல்லை, அரைக்கிற பெட்டிக்குள்ள, வாளி ஏத்துற பெல்ட்டின்ர அடியில, பழைய மா கட்டிபட்டுக் கிடக்கிற மூலையில, அதைச் சுரண்டி எடுக்காம புது நெல்லுப் போட்டா அடுத்த மாதம் திரும்ப வண்டு. மூடையைப் பலகைக்கு மேல, சுவரில இருந்து ஒராள் நடக்கிற அளவு தள்ளி அடுக்குங்கோ, முதல் வந்தது முதல் போகட்டும். வண்டைக் கொல்லக் குளிசை வைக்கிற வேலையை மட்டும் நீங்களாச் செய்யாதேங்கோ. அந்த அலுமினியம் பொஸ்பைட் குளிசை காத்து ஈரத்தில பொஸ்பீன் வாயு விடும், கடைக்குப் பின்னால ஒரே கூரைக்குக் கீழ குடும்பம் படுக்கிற வீடுகள்தான் எங்கட ஊரில அதிகம், இரவில ஆள் சாகும். அதுக்கு அனுமதி உள்ள ஆக்களைக் கூப்பிடுங்கோ. குறைஞ்ச அளவு தானியத்துக்குக் காத்துப் புகாத பை நல்லது, உள்ள இருக்கிற வண்டு மூச்சுக்கு வழியில்லாமச் செத்திரும், வேப்பிலை போடுறதும் கெடுதல் இல்லை, ஆனா வேப்பிலையை நம்பி ஈர நெல்லைக் கட்டாதேங்கோ.

எல்லாம் முடிய எம்ஓஎச் ஒஃபிஸுக்கு நீங்களே கடிதம் குடுத்து மறுபரிசோதனை கேளுங்கோ, அவை வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. உணவு கையாளுற இடமா சுகாதாரப் பகுதியில பதியிறது வேற, பிரதேச சபையின்ர வியாபார லைசென்ஸ் வேற, ரெண்டும் இருக்கா, வேலை செய்யிற ஆக்களின்ர மெடிக்கல் திகதி முடியேல்லையா எண்டதையும் அந்த நேரத்திலயே சரி பாருங்கோ. மறுபரிசோதனை முடிவை எழுத்தில வாங்கி ஃபைலில போடுங்கோ, அடுத்த வருசம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகேக்க கேட்டாலும் கேப்பினம்.